பூவுக்குப் பதிலாகக் குட்டி வைக்கும் டென்ட்ரோபியம்: கொழும்புத் தொடர்மாடியில் என்ன செய்வது?

கேள்வி: வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். கண்காட்சி ஒன்றில் பூவோடு வாங்கிய ஊதா நிற டென்ட்ரோபியம் ஓர்க்கிட் அதற்குப் பிறகு பூக்கவில்லை. காற்றுக்குப் பயந்து பால்கனியின் உட்சுவரோரம் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், அரிசி கழுவிய தண்ணீரும் விடுகிறேன், ஈரப்பதத்துக்காகச் சாடியின் கீழே ஒரு தட்டில் தண்ணீர் நிற்கிறது. இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருக்கின்றன. பழைய தண்டுகளின் உச்சியில் சின்னச் செடிகள் முளைத்துள்ளன. அவற்றை வெட்டி நட்டு, ஒன்றை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொடுக்க விருப்பம். எப்போது வெட்டலாம்? இலை உதிர்ந்த தண்டுகளை அகற்றிவிடலாமா? விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

பதில்:

குட்டிகளை இப்போதைக்கு வெட்டாதீர்கள். இலை உதிர்ந்த தண்டுகளில் கத்தியே வைக்காதீர்கள். தண்ணீர்த் தட்டை இன்றே எடுத்துவிடுங்கள். செடியைச் சுவரோரத்திலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். உடனே செய்ய வேண்டியவை இவைதாம். ஏன், எப்படி என்பதை விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரியாமல் செய்யும் வைத்தியம் அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது.

டென்ட்ரோபியத் தண்டின் மேற்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் உண்டு. அதே மொட்டு பூந்தண்டாகவும் நீளலாம், இலையும் வேரும் கொண்ட குட்டியாகவும் மாறலாம். வளர்ப்பவர்கள் கெய்கி என்று சொல்வது இந்தக் குட்டியைத்தான். இரண்டு நிலைமைகளில் மொட்டு குட்டியின் பக்கம் சாய்கிறது. ஒன்று, வெளிச்சம் குறைந்து, தண்ணீரும் நைதரசனும் தாராளமாகக் கிடைக்கும்போது. மற்றது, சாடிக்குள் வேர் அழுகி, தாய்ச்செடி தன் வாரிசைத் தண்டின் மேலேயே உருவாக்க முயலும்போது. இவற்றில் எது என்று அறியத் தண்டைத் தொட்டுப் பாருங்கள். தண்டு திரட்சியாகவும் இலை கரும்பச்சையாகவும் இருந்தால் முதற்காரணம். தண்டு ஆழமான வரிகளோடு சுருங்கி, தண்ணீர் விட்டும் நிமிராமல் இருந்தால் இரண்டாவது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. ஆனால் தட்டில் தண்ணீர் நின்றபடியால் அடிவேர்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இலையின் கரும்பச்சையைச் செழிப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓர்க்கிட்டில் அது வெளிச்சப் பசியின் அடையாளம். நன்றாகப் பூக்கும் டென்ட்ரோபியத்தின் இலை சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சையாக, தடித்து, விறைப்பாக இருக்கும். கரும்பச்சையும் நீண்ட மெல்லிலையும் கண்டால், அந்தச் செடி கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் தவறவிடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சந்தையில் விற்கும் ஊதா, வெள்ளை டென்ட்ரோபியக் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை டென்ட்ரோபியம் பிகிப்பம். அவுஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள கேப் யோர்க் தீபகற்பப் பகுதியைச் சேர்ந்தது. 1959இல் குயின்ஸ்லாந்து அதைத் தன் மாநில மலராக ஏற்றது. அங்கே அது அடர்ந்த இருண்ட காட்டுக்குள் வாழ்வதில்லை. வெயில் புகும் திறந்த மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கிறது. சில மாதம் பெருமழை, பிறகு நீண்ட வறட்சி என்பது அதன் ஆண்டு. ஆகவே ஓர்க்கிட் என்றால் நிழற்செடி என்ற எண்ணத்தோடு இதை அணுகக் கூடாது. ஃபலனொப்சிஸ் என்ற ஓர்க்கிட் வகை நிழலை விரும்பும். இந்த டென்ட்ரோபியத்துக்கு முழு வெயிலின் பாதிக்குக் குறையாத ஒளி வேண்டும்.

கொழும்பில் வெளிச்சத்தைக் கணக்கிடுவதற்கு முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. நாம் வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரமளவில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று, பிறகு வடக்கே சாய்ந்து, செப்டம்பர் முதல் வாரமளவில் மறுபடியும் உச்சிக்கு வந்து தெற்கே போகிறது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரைதான் நேர்வெயில். தெற்குப் பார்த்ததற்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. போன மாதம் வரை நன்றாக இருந்த செடி திடீரென்று கருகிவிட்டது என்றோ, மொட்டு வைப்பதை நிறுத்திவிட்டது என்றோ சொல்பவர்கள் பலரும் சூரியன் பக்கம் மாறியதைக் கவனிக்காதவர்கள். உங்களுடையது மேற்குப் பால்கனி என்பதால் ஆண்டு முழுவதும் பிற்பகல் வெயில் கிடைக்கும். இது உங்களுக்கு வாய்ப்பு. ஆனால் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட வெயில் கடுமையானது. கைப்பிடிக் கம்பியின் உட்புறமாக 50 சதவீத நிழல்வலை ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் செடியைத் தொங்கவிடுங்கள்.

ஒரேயடியாக மாற்றிவிட வேண்டாம். சுவரோர நிழலுக்குப் பழகிய இலை ஒரே பிற்பகலில் வெந்து வெள்ளைத் திட்டு விழும், அந்தத் திட்டு பின்னர் ஆறாது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக முன்னால் நகர்த்துங்கள். பிற்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுடுகிறது என்றால் ஓரடி பின்னால் வைக்க வேண்டும், அல்லது காற்றோட்டம் கூட்ட வேண்டும். நிழலில் வளர்ந்த இலைகள் சில மஞ்சளாகி உதிரும். அதற்குக் கவலை வேண்டாம். புதிய துளிர் வெளிச்சத்திலேயே வளர்ந்து முதிரும்போதுதான் உங்களுக்குப் பூ கிடைக்கும், அதற்குச் சில மாதங்களாகும்.

கடற்காற்றுக்கு நீங்கள் பயந்ததில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரத்தில் மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று உப்புத்தூறலை அள்ளிக்கொண்டு வரும். அது இலை நுனியையும் வேர் நுனியையும் கருக்கும். மழை பெய்யாத நாட்களில் காலையில் இலைகளின் இருபுறத்தையும் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட்டால் போதும். சாடி ஆடி விழாமல் கம்பியோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் செடியின் புதுவேர் எதையும் பற்றிக்கொள்ள முடியாமல் நுனி தேய்ந்து நின்றுவிடும். மற்றபடி காற்று இந்தச் செடிக்கு நண்பன். பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்துச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைப் பயன்படுத்தும் இயல்புடையது இது. வறண்ட காற்றிலும் தண்ணீரை இழக்காமல் பிழைப்பதற்கான ஏற்பாடு அது.

வேருக்கு வருவோம். ஓர்க்கிட் பற்றி ஒரே ஒரு விடயத்தைக் கற்றுக்கொள்ள நேரமிருந்தால், வேரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மரத்தில் ஒட்டி வாழும் மேலொட்டித் தாவரம் இது. மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. மழைநீரும் பட்டையில் வழிந்து வரும் தூசியும் சருகும்தான் அதன் உணவு. வேரைச் சுற்றி வெலமன் என்ற இறந்த கலங்களாலான உறை இருக்கிறது. மழை விழுந்த மறுகணம் பஞ்சு போல நீரை இழுத்துக்கொள்ளும். பிறகு காற்றில் உலர்ந்து வெள்ளி நிறமாகும். நனைந்தபோது உள்ளிருக்கும் பச்சை தெரியும். நனைவது, உலர்வது, மறுபடி நனைவது என்ற இந்தச் சுழற்சிதான் வேரின் உயிர். எந்நேரமும் ஈரமாக வைத்தால் வெலமன் உலர வாய்ப்பில்லாமல், உள்வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகும். அழுகிய வேரை விரலால் அழுத்தினால் உறை கழன்று நூல் மாத்திரம் மிஞ்சும். நல்ல வேர் அழுத்தினாலும் உறுதியாக இருக்கும்.

இதிலிருந்து தண்ணீர் விடும் கணக்குத் தானாக வரும். வெளியே தெரியும் வேர் வெள்ளியாக மாறி, சாடியைத் தூக்கினால் இலேசாக இருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றும்போது சாடியின் கீழ்த்துளைகளால் ஓடி வழியும்வரை ஊற்றுங்கள். காலையில்தான் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் குருத்துக்குள் தேங்கிய நீர் இரவு முழுவதும் நிற்கும், கொழும்பின் புழுக்கத்தில் அது அழுகலுக்கு அழைப்பு. சனவரி, பெப்ரவரி மாதங்களின் வறட்சியில் காற்றோட்டமான நான்காம் மாடியில் ஒவ்வொரு நாளும் தேவைப்படலாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் சாரல் அடிக்கும் பால்கனியில் வாரக்கணக்கில் நீங்கள் தொடவே தேவையில்லாமலும் போகலாம்.

தட்டு விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தட்டில் தண்ணீர் வைத்து ஈரப்பதம் கூட்டும் யோசனை குளிர்நாடுகளில், சூடேற்றிய வறண்ட அறைகளுக்குள் செடி வளர்ப்பவர்களுக்காகப் பிறந்தது. கொழும்புக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? அதைவிடப் பெரிய காரணம் டெங்கு. நுளம்பு முட்டையிடுவதற்குச் சாடித் தட்டைவிட வசதியான இடம் வேறில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். செடி கட்டித் தொங்கவிடும் சிரட்டையானாலும் அடியில் துளையிடுங்கள். குளோரின் வாசனை போவதற்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால் இறுக்கமாக மூடுங்கள்.

சாடிக்குள் என்ன இருக்க வேண்டும்? மண் கூடவே கூடாது. பக்கத்துளை உள்ள களிமண் சாடி, அடியில் உடைந்த ஓட்டுத்துண்டு, மேலே பெருவிரல் பருமனில் சிரட்டைக்கரியோ மரக்கரியோ போதும். கொழும்பில் நான் கரியையே விரும்புகிறேன், அது அழுகாது, மழையில் சீக்கிரம் வடியும். பொச்சு மட்டைத் துண்டு மலிவானது, ஈரத்தைப் பிடிக்கும், ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உக்கிப் புளித்துவிடும். கரையோரப் பொச்சில் உப்பும் சாயநீரும் இருக்கும். பல நாள் ஊறவைத்து, நீர் நிறமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். காற்று அதிகமான உங்கள் மாடிக்கு, கரியோடு நான்கில் ஒரு பங்கு கழுவிய பொச்சுத் துண்டு கலப்பது பொருத்தம். அடியில் ரெஜிபோம் துண்டு நிரப்பி விற்கும் சாடிகள் வடிவதற்கு நல்லவைதான், ஆனால் பாரமில்லாமல் காற்றில் கவிழும். சாடி சிறியதாகவே இருக்கட்டும். வேர் நெருங்கி நிற்கும் சாடியில் டென்ட்ரோபியம் நன்றாகப் பூக்கிறது.

அரிசி கழுவிய தண்ணீரை நிறுத்துங்கள். நெல்லியும் கறிவேப்பிலையும் அதை விரும்பலாம். மண்ணில்லாத சாடியில் மாப்பொருள் கரியின் மேல் படிந்து புளித்து, எறும்பைக் கூட்டி வரும். எறும்பு வந்தால் அடுத்து வெண்மூட்டுப்பூச்சி வரும். மீன் கழுவிய தண்ணீருக்கும் இதே பதில். கடைகளில் கிடைக்கும் அல்பேர்ட் கரைசலோ, நீரில் முழுதும் கரையும் வேறு சமநிலைப் பசளையோ, பொதியில் எழுதியிருக்கும் அளவில் நான்கிலொரு பங்கு மட்டும் கரைத்து, வேரை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, வாரம் ஒருமுறை விடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரால் உப்புப் போகக் கழுவுங்கள். புதுத்தண்டு முதிர்ந்து உச்சி இலை விரிந்து முடிந்ததும் பசளையையும் தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள். பூந்தண்டு அந்த வேளையில்தான் வரும்.

இலை உதிர்ந்த தண்டுகளை அகற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. அவை இறந்தவையல்ல. நீரும் மாப்பொருளும் நிரம்பிய களஞ்சியங்கள். புதுத்துளிர் அவற்றிலிருந்துதான் உண்கிறது. அதற்கும் மேலாக, இந்த வகையில் இலையில்லாத பழைய தண்டும் உச்சிக் கணுக்களிலிருந்து இன்னும் சில தடவை பூக்கக்கூடியது. கொழும்பு வீடுகளில் ஓர்க்கிட் பூக்காமல் போவதற்கு, வெளிச்சத்துக்கு அடுத்தபடி, இந்தத் துப்புரவு ஆசையே காரணம் என்று நினைக்கிறேன். தண்டு பழுப்பாகி, உள்ளே ஒன்றுமில்லாமல் காய்ந்து சப்பையானால் மாத்திரம் அகற்றுங்கள்.

பெருக்குவது பற்றி நீங்கள் மிகவும் ஆவலாக இருக்கிறீர்கள். குட்டி தாயோடு இருக்கும்வரை அதற்குத் தாயின் நீரும் உணவும் இலவசம். அவசரப்பட்டுப் பிரித்த குட்டி பிழைத்தாலும் ஆண்டுக்கணக்கில் சவலையாகவே நிற்கும். குறைந்தது மூன்று நான்கு வேர்கள், ஒவ்வொன்றும் விரல் நீளமளவுக்கு, நுனி பச்சையாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். குட்டியின் சொந்தத் தண்டும் கொஞ்சம் தடித்திருந்தால் இன்னும் நல்லது. வேர் வர மறுத்தால், குட்டியின் அடியைச் சுற்றி ஈரமான தும்பைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அதைப் புட்டிக்குள் மூடிவைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும்.

பிரிப்பதற்கு மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்கள் உகந்தவை. சனவரி, பெப்ரவரி வறட்சி முடிந்து இடிமழை தொடங்கும் அந்த வேளையில் புதுவேர் தானாக ஓடும். சவரக்கத்தி அலகை நெருப்பில் வாட்டி ஆறவிட்டு, தாய்த்தண்டின் சிறு துண்டு குட்டியோடு வரும்படி வெட்டுங்கள். இரண்டு புறத்து வெட்டுக்காயத்திலும் கறுவாத்தூளைத் தடவுங்கள். வேரில் மட்டும் படக்கூடாது, அது வேரை உலர்த்திவிடும். அலகை வாட்டுவதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். சிம்பிடியம் மொசைக் வைரஸ் செடிக்குச் செடி பரவுவது பெரும்பாலும் வெட்டும் கருவியின் சாற்றால்தான், வந்தபின் அதற்கு மருந்தில்லை. ஒரு செடியை வெட்டி முடித்ததும் அடுத்ததைத் தொடுமுன் மறுபடி வாட்ட வேண்டும். தெரிந்தவர் வீட்டுக் கத்தரிக்கோலை இரவல் வாங்கி வெட்டாதீர்கள்.

வெட்டிய குட்டியை மிகச் சிறிய சாடியில், சிறுதுண்டுக் கரியில் வையுங்கள். அடி புதையக் கூடாது. வேர் மட்டும் உள்ளே, தண்டின் அடி மேற்பரப்பில். அசையாமல் ஒரு ஈர்க்கோடு கட்டி, பிரகாசமான நிழலில் வைத்து, முதல் சில நாட்களுக்குத் தண்ணீரை வேரில் மட்டும் தெளியுங்கள். பொதுவாக ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் பூக்கும். அது தாயின் பூவையே பூக்கும், ஏனென்றால் குட்டி தாயின் அதே மரபுரு.

தாயையே பிரிப்பதானால் ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு தண்டுகளும் ஒரு புதுத்துளிரும் இருக்க வேண்டும். உங்கள் செடி அந்த அளவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கவில்லை. வந்தாலும் நான் பிரிக்கமாட்டேன். எட்டுத் தண்டுள்ள ஒரு செடி ஒரே பருவத்தில் பல பூந்தண்டு எறியும் காட்சியை, நான்கு நான்காகப் பிரித்த இரண்டு செடிகள் தருவதில்லை. பழைய தண்டு ஒன்று தற்செயலாக முறிந்தால் எறியாதீர்கள். ஈரத்தும்பின் மேல் படுக்க வைத்தால் கணுக்களில் குட்டி கிளம்பக்கூடும்.

விதையைப் பற்றி. ஓர்க்கிட் விதை தூசியளவு. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், பல இனங்களில் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்மணிக்கோ பயறுக்கோ உள்ளிருக்கும் உணவு அதற்கு இல்லை. இயற்கையில் ஒரு பங்கசு விதைக்குள் நுழைந்து உணவூட்டினால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நொயல் பெர்னார் 1899இல் இதைக் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பங்கசு இல்லாமலேயே சீனியும் உப்புச்சத்தும் கலந்த ஏகார் கூழில் விதைகளை முளைக்க வைக்கும் வழியை வெளியிட்டார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஓர்க்கிட் நாற்றுகள் அந்த வழியின் பிள்ளைகள்தாம். கூழில் ஒரு பூஞ்சண வித்து விழுந்தாலும் புட்டி முழுவதும் பாழாகும் என்பதால், கிருமிநீக்கிய பெட்டியும் அழுத்தச் சமையற்கலனும் பொறுமையும் வேண்டும். மேலும் உங்களுடையது கலப்பினம். விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகப் பூக்கும், முதற்பூவுக்கே சில ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் நோக்கம் அக்காவுக்கு இதே பூவைக் கொடுப்பது என்பதால் குட்டிதான் வழி. ஆர்வம் தணியவில்லை என்றால் கண்காட்சிகளில் புட்டி நாற்று வாங்கிப் பழகலாம். 1934இல் தொடங்கிய இலங்கை ஓர்க்கிட் வட்டத்தின் கண்காட்சிகள் அதற்கு ஏற்றவை. அங்கே அனுபவமுள்ளவர்கள் நின்று பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். டென்ட்ரோபியம் நோபிலே வகையைக் கொழும்பில் வாங்கினால் இலைதான் மிச்சம். அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வளர்க்க வேண்டிய செடி அது. ஃபலனொப்சிஸ் கொழும்பில் வளரும், ஆனால் பூந்தண்டு கிளம்ப வெப்பம் சில வாரங்கள் 26 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். ஆகவேதான் மார்கழி, தைக் குளிருக்குப் பின் மட்டும் அது தண்டு எறிகிறது. வெப்பநிலைக்கு ஓர்க்கிட் எவ்வளவு நுண்மையாகப் பதில் சொல்லும் என்பதற்குப் புறா ஓர்க்கிட் சாட்சி. இலங்கையின் தாழ்நிலத்திலும் இயற்கையாக வளரும் டென்ட்ரோபியம் குருமினாட்டம் அது. பெருமழை வெப்பத்தைத் திடீரென்று ஐந்து பாகையளவு இறக்கிவிட்டால், அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒருங்கே பூத்து, அன்றே வாடிவிடும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இரத்தினபுரிப் பக்கம் போகும்போது வீதியோரத்தில் வெசாக் ஓர்க்கிட் விற்கக் கண்டால் வாங்காதீர்கள். டென்ட்ரோபியம் மகார்த்தியே என்ற அந்த இனம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஈரவலயத் தாழ்காட்டு மரங்களில் வாழ்ந்து மே மாதமளவில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதன் அழகே அதற்கு எமனாகிவிட்டது. பிடுங்கிப் பிடுங்கிக் காடுகளில் அருகிப்போயிருக்கிறது, சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்டது. காட்டிலிருந்து பிய்த்த செடி வேரறுந்து வருவதால், பால்கனியில் பெரும்பாலும் பிழைப்பதுமில்லை.

மழைக்காலத்தில் உங்கள் கண் புதுத்துளிரின் மேல் இருக்கட்டும். துளிரின் அடி கறுத்து நீர்கோர்த்து மென்மையாக இருந்தால் கரும் அழுகல். கறுப்புத் தாண்டி நல்ல பச்சைப் பகுதிவரை அன்றே வெட்டி, கறுவாத்தூள் தடவி, சில நாள் தண்ணீர் விடாமல் சாரல் படாத இடத்தில் வையுங்கள். செப்புச் சேர்ந்த பங்கசு கொல்லிகளை டென்ட்ரோபியத்தில் அடிக்க வேண்டாம், குருத்தைக் கருக்கிவிடும். மொட்டுகள் பழுப்பேறி விரியாமல் உதிர்ந்தால் இலைப்பேன். வெண்மூட்டுப்பூச்சியைச் சவர்க்காரநீர் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள். நான்காம் மாடி என்பதால் பெரிய ஆபிரிக்க நத்தையின் தொல்லை உங்களுக்குக் குறைவு, ஆனால் சாடிக்குள் சிறு நத்தைகள் வரும். அவை ஒரே இரவில் வேர்நுனி எல்லாவற்றையும் தின்றுவிடும். இரவில் ரோர்ச் அடித்துப் பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

இனி அக்காவின் செடி. ஏப்ரலில் பிரித்த குட்டியை உடனே அனுப்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் யூன், யூலை மாதங்களில் வீசும் சோளகக் காற்றும் வெக்கையும் வேர்பிடிக்காத குட்டியைக் காய வைத்துவிடும். ஒக்டோபர்வரை உங்களிடமே வளரட்டும். வடக்கில் மாரிமழை தொடங்கும்போது கொண்டு போனால், மழையோடு மழையாக அங்கேயே புதுவேர் விடும். புறப்படுவதற்கு முதல்நாள் தண்ணீர் விடாமல் உலர்த்தி, சாடியிலிருந்து எடுத்து, வேரைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, துளையிட்ட காட்போட் பெட்டியில் வைத்து பஸ்ஸிலோ ரயிலிலோ கைப்பொதியாகக் கொண்டுபோகலாம். பொலித்தீனில் கட்ட வேண்டாம், ஓரிரவிலேயே வெந்துவிடும்.

அங்கே பெரிய சிக்கல் தண்ணீர்தான். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, ஓர்க்கிட்டுக்கு மென்மையானது. யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவதால் கல்சியம் மிகுந்தது. அதை ஊற்றி ஊற்றி வேரின் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டும், பிறகு வெலமனால் நீரை இழுக்க முடியாது. மாரியில் கூரைநீரை மூடிய பீப்பாயில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு சின்னச் செடிக்கு நாளைக்கு ஒரு கோப்பை போதும். அது முடிந்து கிணற்றுநீரையே ஊற்ற வேண்டி வந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது மழைநீரையோ வடிகட்டிய குடிநீரையோ விட்டுப் பொருக்கைக் கழுவ வேண்டும். சாடிக்கு, பனங்கொட்டையின் ஓட்டை எரித்து எடுக்கும் ஊமல்கரி கிடைத்தால் அதையே போடட்டும், சிரட்டைக்கரியைப் போலவே உறுதியானது. முற்றத்தில் மாமரம் இருந்தால், கிழக்குப் பக்கத்துக் கிளையொன்றில் தும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாலும் போதும். வேர் பட்டையில் ஒட்டிக்கொண்டபின் கயிற்றை அவிழ்த்துவிடலாம். பிறகு சோளகம் வீசும் மாதங்களில் மாத்திரம் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும்.